நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் நானோ இரும்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு தண்ணீர் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள், அசோசியேஷன் செயலாளர்கள், சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவர்கள் என்று பலரும் இந்த நானோ இரும்பு பற்றிக் கேட்கிறார்கள். யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருப்பார்கள், அதில் கறுப்புத் தண்ணீரை ஒரு குழாயில் இறக்குவார்கள், அடுத்த காட்சியில் தெளிந்த தண்ணீர் வரும், நடுவில் என்ன நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கவுன்டரில் நின்றபடி திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

நானோ இரும்புன்னா என்ன சார்? துருவைப் பொடி பண்ணினதா?

இல்லை, துருவுக்கு நேர் எதிர். துரு என்பது ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்து வேலை முடிந்துபோன இரும்பு. இங்கே தேவைப்படுவது இன்னும் துருப்பிடிக்காத, உலோகமாகவே இருக்கிற இரும்பு, அதுவும் 10 முதல் 100 நானோமீட்டர் அளவில். 50 நானோமீட்டர் துகள் என்றால் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் 20,000 துகள்களை வரிசையாக நிறுத்திவிடலாம்.

ஏன் இவ்வளவு பொடி? வேலை நடப்பது இரும்பின் மேற்பரப்பில் மட்டும்தான். ஒரு மில்லிமீட்டர் குண்டுகளாக ஒரு கிராம் இரும்பு எடுத்தால் மொத்த மேற்பரப்பு 7, 8 சதுர சென்டிமீட்டர்தான் வரும். அதே ஒரு கிராமை 50 நானோமீட்டர் துகளாக்கினால் கிட்டத்தட்ட 15 சதுர மீட்டர், அதாவது ஒரு படுக்கையறைத் தரை அளவு. நானோ இரும்பு வேலை செய்யும் வேகம் அங்கிருந்துதான் வருகிறது.

பார்ப்பதற்குக் கெட்டியான கறுப்புக் குழம்பு. பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காந்தத்தை வைத்தால் கறுப்பு முழுக்க அந்தப் பக்கம் ஒதுங்கி, மிச்சத் தண்ணீர் தெளியும். மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டால் மேலிருந்து காவி நிறம் இறங்க ஆரம்பிக்கும். காவி ஆனது ஆனதுதான், அதைத் திரும்பக் கறுப்பாக்க முடியாது.

இரும்பு எப்படி சார் விஷத்தை எடுக்கும்? உறிஞ்சிக்குமா?

ஓரளவு உறிஞ்சவும் செய்யும், ஆனால் முக்கிய வேலை அது இல்லை. இரும்புக்கு எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் அவசரம் அதிகம், துருப்பிடிப்பது என்பதே அதுதான். சாதாரணமாக அந்த எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. நிலத்தடியில் அதை விஷப்பொருளே வாங்கிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்கிறோம், அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், லேபில் நாங்கள் குரோம் சிக்ஸ் என்போம். இது தண்ணீரில் நன்றாகக் கரையும், தண்ணீர் போகிற இடமெல்லாம் போகும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருப்பது. இது இரும்பிடம் மூன்று எலக்ட்ரான் வாங்கிக்கொண்டால் குரோம் த்ரீ ஆகிவிடும். சாதாரணத் தண்ணீரில் அது அவ்வளவாகக் கரையாது, இரும்போடு சேர்ந்து படிந்து மண்ணிலேயே உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு பக்கம் டிரைகுளோரோஎத்திலீன் மாதிரி கரைப்பான்கள், இயந்திர பாகங்களில் கிரீஸ் எடுக்கப் பயன்படுத்துவார்களே, அவற்றில் இருக்கும் குளோரினை இரும்பு உரித்து எடுத்துவிடும், மிஞ்சுவது எத்திலீன், ஈத்தேன் மாதிரி வாயுக்களும் கொஞ்சம் குளோரைடும்.

இந்த இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது: கரைப்பான் அழிகிறது, குரோமியம் அழிவதில்லை, முடங்கிக் கிடக்கிறது. பின்னால் இது வேண்டியிருக்கும்.

எங்க ஏரியா தண்ணி ஒரே உப்பு. இதைப் போட்டா நல்ல தண்ணி ஆகுமா?

ஆகாது. வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். டிடிஎஸ்ஸில், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பில், இருக்கும் சோடியமும் குளோரைடும் எலக்ட்ரானை வாங்கவும் மாட்டா, கொடுக்கவும் மாட்டா. மீஞ்சூர் பக்கம் கடல் நீர் உள்ளே புகுந்த மாதிரி பிரச்சினைக்கு மழைநீரை இறக்குவதும், உறிஞ்சுவதைக் குறைப்பதும்தான் வழி. ஃப்ளோரைடுக்கும் இது மருந்து இல்லை. கழிவுநீர் கலந்த கிணற்றுக்கும் இல்லை.

நைட்ரேட் விஷயம் வேடிக்கையானது. இரும்பு அதை மாற்றும், ஆனால் பெரும்பாலும் அமோனியாவாக மாற்றும், அதனால் ஒரு தலைவலி போய் இன்னொன்று வந்து சேரும். ஆர்சனிக் இரும்பின் மேல் உருவாகும் துருவில் ஒட்டிக்கொள்ளும், அது நல்ல பயன்.

2013ல தண்டையார்பேட்டையில போர்ல பெட்ரோல் வந்துச்சே, அதுக்கு?

அதற்கும் ஆகாது. பெட்ரோல், டீசலில் இருக்கும் பென்சீன் போன்றவற்றுக்குத் தேவை ஆக்சிஜன், அதாவது இரும்பு செய்வதற்கு நேர் எதிரான வேலை. மிதக்கிற எண்ணெயை உறிஞ்சி எடுப்பது, மண்ணுக்குள் காற்றை ஊதுவது, எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்களை வளர்ப்பது என்று அதற்குத் தனி வழிகள் இருக்கின்றன. அங்கே போய் இரும்பை இறக்கினால் இருக்கிற கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் இரும்பே தின்றுவிடும்.

எங்க போர் தண்ணியே மஞ்சளா துருவா வருது, பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் கறை. இதுல இன்னும் இரும்பா?

நியாயமான கேள்வி. உங்கள் போரில் இருப்பது கரைந்த இரும்பு. மோட்டாரில் ஏறும்போது தெளிவாகத்தான் இருக்கும், தொட்டியில் காற்றுப் பட்டதும் மஞ்சளாகிக் கறை பிடிக்கும். அது ஏற்கெனவே இரண்டு எலக்ட்ரானை விட்டுவிட்டு வந்தது, மிச்சம் ஒன்றுதான் கொடுக்க முடியும், அதைக் காற்று வாங்கிக்கொள்கிறது. உலோக இரும்பும் அதுவும் ஒன்றில்லை.

குடிநீரில் இரும்புக்கு இந்தியத் தரம் இப்போது லிட்டருக்கு 1 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் ருசியும் நிறமும் கெடும், துணி கறைபடும். அதற்குக் காற்றேற்றி மணலில் வடிகட்டும் சாதாரண ஃபில்டர் போதும், நானோவெல்லாம் வேண்டாம்.

எங்க தண்ணியில குரோமியம் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பார்த்தாலே தெரியுமா?

லிட்டருக்குச் சில மில்லிகிராம் என்று ஏறினால் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும். ஆனால் குடிநீருக்கு அனுமதித்த அளவு மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம்தான், அந்த அளவில் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. துரு மஞ்சளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்: துரு பக்கெட்டில் வைத்தால் அடியில் தங்கும், குரோமியம் மஞ்சள் நாள் கணக்கில் வைத்தாலும் அப்படியே இருக்கும்.

லேபில் செய்வது எளிமையான சோதனைதான். தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்கி டைஃபினைல்கார்பசைடு கரைசலை விடுவோம். குரோம் சிக்ஸ் இல்லையென்றால் நிறம் மாறாது. இருந்தால் சில நிமிடத்தில் இளஞ்சிவப்பில் ஆரம்பித்து நாவல்பழக் கறை நிறம் வரை ஏறும், எவ்வளவு ஏறியது என்பதைக் கருவியில் அளந்து கணக்குப் போடுவோம்.

சாம்பிள் எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மொட்டைமாடித் தொட்டியில் பிடிக்காதீர்கள், மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, போர்க் குழாயிலேயே பிடியுங்கள். குளிர்ச்சியாக வைத்து, ஒரு நாளுக்குள் கொண்டுவந்து கொடுங்கள். மற்ற உலோகங்களுக்குச் சாம்பிளில் அமிலம் சேர்ப்பது வழக்கம், அந்த பாட்டிலிலேயே குரோம் சிக்ஸும் பார்த்தால் அது வழியிலேயே குரோம் த்ரீயாக மாறி ரிப்போர்ட் குறைத்துக் காட்டலாம். தனி பாட்டில் கேளுங்கள்.

ஆர்.ஓ. மெஷின் இருக்கே, அது போதாதா? இல்ல கொதிக்க வெச்சா?

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், குரோமியம் எங்கும் போகாது, தண்ணீர் ஆவியாகக் குறைவதால் அளவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. நல்ல நிலையில் இருந்தால் குரோம் சிக்ஸைப் பெருமளவு பிடிக்கும். அதனால் குடிக்கிற தண்ணீருக்கு, இன்றைக்கு ராத்திரிக்கு என்ன செய்வது என்பதற்கு ஆர்.ஓ.வோ மெட்ரோ வாட்டரோதான் பதில்.

ஆனால் ஆர்.ஓ. உங்கள் டம்ளரைத்தான் காப்பாற்றும். வெளியே தள்ளுகிற தண்ணீரில் அதே குரோமியம் இன்னும் கெட்டியாக இருக்கும், அதைச் செடிக்கு விட்டால் திரும்ப மண்ணுக்கே போகிறது. நானோ இரும்பு பற்றிய பேச்சு பூமிக்கு அடியில் இருக்கிற தண்ணீரைப் பற்றியது, இரண்டையும் போட்டியாக வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

அப்போ இரும்புப்பொடி வாங்கி நானே கிணத்துல கொட்டிடறேனே? பழைய ஆணி போட்டாக்கூட போதும்னு ஒருத்தர் சொன்னாரு.

தயவுசெய்து வேண்டாம். திறந்த கிணற்றில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும், முதலில் அதுவே இரும்பைத் தின்றுவிடும். பொடி அடியில் போய் கட்டியாகி உட்காரும், உங்கள் கிணற்றுக்கு ஊற்று வருகிற மண்ணுக்குள் போகவே போகாது. மிஞ்சுவது சேறும், கெட்டுப்போன ஃபுட்வால்வும், சிவப்புத் தண்ணீரும்.

ஆணிக் கதைக்கு ஒரு வேர் இருக்கிறது. வங்கதேசத்து ஆர்சனிக் பிரச்சினைக்காக அபுல் ஹுஸ்ஸாம் என்ற வேதியியலாளர் உருவாக்கிய சோனோ ஃபில்டரில் இரும்புச் சீவல், மணல், கரி எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும், 2007இல் அமெரிக்காவில் பெரிய பரிசு வாங்கியது. ஆனால் அது வாளியில் கட்டிய, அளவு பார்த்துச் செய்த, சோதித்து வெளியே விட்ட ஃபில்டர். கிணற்றில் ஆணி எறிவது வேறு.

உலர்ந்த நானோ இரும்புப் பொடி கிடைத்தால் இன்னும் ஆபத்து. காற்றுப் பட்டாலே தானாகத் தீப்பிடிக்கக்கூடியது, அதனால்தான் குழம்பாகவோ மேலே லேசாக ஆக்சைடு தோல் ஏற்றியோ அனுப்புகிறார்கள்.

சரி, எப்படித்தான் மண்ணுக்குள்ள இறக்குவாங்க?

முதலில் அழுக்கு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று வரைபடம் போட வேண்டும். அதற்காகச் சின்னச் சின்னக் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி, நீர்மட்டம் எங்கே உயரம் எங்கே தாழ்வு என்று பார்ப்பார்கள். மொத்த வேலையில் இதுதான் பாதி, இதைத் தாவுகிறவரை நம்பாதீர்கள்.

அப்புறம் அழுக்கு அதிகமாக இருக்கிற இடத்தில் இறக்கு கிணறுகள் போட்டு, ஆக்சிஜன் நீக்கிய தண்ணீரில் இரும்பைக் கலக்கிக்கொண்டே மெல்லிய அழுத்தத்தில் உள்ளே தள்ளுவார்கள். 2000இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் டிரென்டனில் ஒரு தொழிற்சாலை வளாகத்தில் லீஹை பல்கலைக்கழகத்தின் வெய்ஷியன் ஜாங் குழு செய்த முதல் களச் சோதனையில் இறக்கிய நானோ இரும்பு 1.7 கிலோதான், மேலே பல்லேடியம் என்ற உலோகத்தைத் துளி பூசியது. டிரைகுளோரோஎத்திலீன் நன்றாகவே குறைந்தது.

ஒரு இடத்துல இறக்கினா தெரு முழுக்கப் போய்ச் சேந்துடுமா?

சேராது. இந்த முறையின் பெரிய பலவீனமே இங்கேதான். முதல் பதிலில் காந்தம் பற்றிச் சொன்னேனே, துகள்கள் ஒன்றையொன்று அப்படித்தான் இழுத்துக்கொள்கின்றன. கொத்துக் கொத்தாகத் திரண்டு மணல் இடுக்கில் சிக்கிவிடும். பல இடங்களில் இறக்கிய கிணற்றிலிருந்து ஒரு மீட்டர், சில மீட்டருக்கு மேல் போனதில்லை. இதைத் தடுக்க கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் மாதிரி பாலிமர் பூசுகிறார்கள், அப்போது கொஞ்சம் கூடுதலாக நகரும், ஆனால் பூச்சு ஏற ஏற விஷத்தை மாற்றும் வேகம் குறையும்.

அதனால் அழுக்கு பரவிய தெரு முழுக்கச் செய்கிற வேலை இல்லை இது. எங்கிருந்து கசிகிறதோ அந்தப் புள்ளியைச் சுற்றி, நெருக்கமாகப் பல துளைகள் போட்டுச் செய்வது. உங்கள் வீடு அந்தப் பட்டறையிலிருந்து நான்கு தெரு தள்ளி இருந்தால், இறக்க வேண்டிய இடம் உங்கள் வாசல் இல்லை.

பெசன்ட் நகர் மணலுக்கும் பல்லாவரம் பாறைக்கும் ஒரே மாதிரி வேலை செய்யுமா?

செய்யாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலோர மணல், தண்ணீர் பரவலாக ஓடும், இரும்பும் ஓரளவு சீராகப் பரவும். பல்லாவரம், பரங்கிமலை பக்கம் சார்னோகைட் பாறை. மேலே சிதைந்த பாறைமண் கொஞ்சம், அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டும் தண்ணீர். ஒரே மனையில் இரண்டு போர் போட்டால் ஒன்றில் தண்ணீர் பீய்ச்சும், இன்னொன்று புகையும், பார்த்திருப்பீர்கள். அந்த வெடிப்பு எங்கே போகிறது என்று தெரியாமல் இரும்பை இறக்கினால் அழுக்கு இல்லாத வெடிப்புக்குள் போய்ச் சேரலாம்.

களிமண் மோசமான மூன்றாவது வகை. அழுக்கு அதற்குள் வருடக்கணக்கில் மெல்ல ஊறியிருக்கும், இரும்பு உள்ளே நுழையவே முடியாது.

எவ்வளவு இரும்பு வேணும்? ஒரு மூட்டை போதுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20க்கு 20 மீட்டர் இடம், நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அடியில் தண்ணீர் நிற்கும் மணல் 10 மீட்டர் தடிமன், அதில் கால்பங்கு இடைவெளி என்று வைத்தால் அங்கே நிற்பது 10 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 5 மில்லிகிராம் குரோம் சிக்ஸ் என்றால் மொத்தம் 5 கிலோ. காகிதக் கணக்கில் 52 கிராம் குரோமியத்துக்கு 56 கிராம் இரும்பு, ஆக ஐந்தரை கிலோ இரும்பு போதும்.

நிஜத்தில் போதாது, பல மடங்கு வேண்டும். கரைந்திருக்கும் ஆக்சிஜன் தின்னும், நைட்ரேட் தின்னும், தண்ணீரே கூட இரும்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவாகக் குமிழியிடும். மண் துகள்களில் ஒட்டியிருக்கிற குரோமியம் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. தண்ணீரோடு வீணாவதைக் குறைக்க இரும்பின் மேல் கந்தகம் ஏற்றிய வகை இப்போது பிரபலமாகி வருகிறது, அது தண்ணீரை அதிகம் சட்டை செய்யாமல் கரைப்பான்களைக் குறிபார்த்துப் போகும். சாதாரண இரும்புத்தூளை விட நானோ இரும்பு பல மடங்கு விலை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரும்புச் சுவர்னு ஒண்ணு இருக்காமே, அதுவும் இதுவும் ஒண்ணா?

அது இதற்கு அண்ணன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கில்ஹாம் குழு 1991இல் போர்டன் என்ற இடத்தில் சோதித்தது. தண்ணீர் நகர்கிற பாதைக்குக் குறுக்கே நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, அதில் நானோ இல்லாத சாதாரண இரும்புத் துருவலை நிரப்புவார்கள். தண்ணீர் தானாகவே அதைக் கடந்து போகும், கடக்கும்போது அழுக்கு மாறிவிடும், மோட்டார் கிடையாது, கரண்டு பில் கிடையாது.

எனக்குப் பிடித்த உதாரணம் வடகரோலினாவின் எலிசபெத் சிட்டி. கடலோரக் காவல்படைத் தளத்தில் பழைய குரோம் பிளேட்டிங் பட்டறை, அதற்குக் கீழே குரோம் சிக்ஸும் டிரைகுளோரோஎத்திலீனும் ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. 1996இல் 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலத்துக்குச் சுவர் வைத்தார்கள். பல வருடங்கள் கழித்துப் பார்த்தபோதும் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. நானோ இரும்பின் ஆயுளோ வாரங்கள், மாதங்கள் கணக்குதான்.

அப்படியானால் எதற்கு நானோ? வெட்ட முடியாத இடத்துக்கு. கட்டடத்துக்குக் கீழே, 30 மீட்டர் ஆழத்தில், நெருக்கடியான தெருவில் பள்ளம் தோண்ட முடியாது, துளை போட முடியும். என் கருத்தைக் கேட்டால், தோண்ட இடம் இருக்கிற எங்கேயும் முதலில் சுவரைத்தான் யோசிக்க வேண்டும். நானோ என்ற சொல்லுக்கு இருக்கிற கவர்ச்சி அதை மறக்கடித்துவிடுகிறது.

நானோன்னாலே பயமா இருக்கு. தண்ணியோட சேர்ந்து உடம்புக்குள்ள போயிடாதா?

பயப்படுவதில் தவறில்லை. 2004இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டியும் ராயல் பொறியியல் கழகமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, தனித்த நானோ துகள்களை மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சுத்திகரிப்புக்காக விடுவதை, போதிய ஆராய்ச்சி வரும்வரை தவிர்க்கச் சொன்னது. ஆய்வகத்தில் புதிய நானோ இரும்பு பாக்டீரியாக்களைக் கொல்வதும் தெரியும். செக் குடியரசில் குரோமியம் ஏறிய ஒரு இடத்தில் இறக்கியபோது அங்கிருந்த நுண்ணுயிர்கள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்றும் பார்த்திருக்கிறார்கள்.

நடைமுறையில் துகள் தொலைதூரம் போவதில்லை, போனாலும் துருவாகிவிடுகிறது. முன்பு பலவீனம் என்று சொன்னேனே, அது இங்கே பாதுகாப்பாகிறது. ஆனால் சுற்றியுள்ள தண்ணீரின் குணம் மாறும்: இரும்பும் மாங்கனீசும் கூடும், காரத்தன்மை ஏறும், சில சமயம் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஹைட்ரஜனைச் சாப்பிட்டு வளரும் சல்ஃபேட் பாக்டீரியாக்களின் வேலை அது. கரைப்பான்கள் இருந்த இடமென்றால் பாதி உரிந்த நிலையில் வினைல் குளோரைடு நிற்கிறதா என்றும் சோதிக்க வேண்டும், அது மூலப்பொருளை விட மோசமானது. எனவே வேலை நடக்கிற காலத்தில் பக்கத்துப் போர்களைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தக் கூடாது.

குரோமியம் அங்கேயேதானே இருக்கு? நாளைக்குத் திரும்ப விஷமாயிடுச்சுன்னா?

இரண்டாவது பதிலில் சொன்ன முடக்கம் இதுதான். குரோம் த்ரீ சாதாரணமாக அப்படியே கிடக்கும். ஆனால் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு அதிகம் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப குரோம் சிக்ஸ் ஆக முடியும். வலுவான குளோரினும் அதைச் செய்யும். இரும்பு இறக்கிய இடத்துப் பக்கத்துக் கிணற்றில் மழைக்காலத்தில் வழக்கம்போல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே குளோரின் போடுவதென்றால் வெளியே எடுத்த தண்ணீரில், தொட்டியில் போட வேண்டும்.

எங்க பக்கத்துல முன்னாடி தோல் ஷாப் இருந்துச்சு. அப்போ குரோம் சிக்ஸ் நிச்சயம்தானே?

நிச்சயம் இல்லை, பலரும் இங்கே குழப்பிக்கொள்கிறார்கள். தோல் பதனிட இப்போது பயன்படுவது குரோம் த்ரீ உப்பு. பல்லாவரம், நாகல்கேணி பக்கத்துத் தோல் கழிவில் முதலில் தெரிவது உப்புதான், டிடிஎஸ் தாறுமாறாக இருக்கும், அதற்கு இரும்பு உதவாது. குரோம் சிக்ஸ் அதிகம் வருவது எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறைகளிலிருந்தும், குரோமேட் ரசாயனம் தயாரித்த ஆலைகளிலிருந்தும். பக்கத்தில் என்ன இருந்தது என்று விசாரியுங்கள், ஆனால் முடிவை ரிப்போர்ட் சொல்லட்டும்.

ராணிப்பேட்டையில மலை மாதிரி குரோமியக் கழிவு கிடக்குதே, அங்க இதைப் போட்டு முடிச்சிடலாமே?

ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களின் நடுவில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போனது 2 லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் அதன் வழியே இறங்கும் தண்ணீர் மஞ்சளாக வெளியே வரும். மேலே குவியல் அப்படியே இருக்கும்போது கீழே இரும்பை இறக்கினால், ஒவ்வொரு மழைக்கும் புதுச் சரக்கு வந்து இரும்பைத் தீர்த்துக்கொண்டே இருக்கும். முதலில் குவியலை அகற்றவோ மூடி முத்திரையிடவோ வேண்டும். கீழே ஏற்கெனவே நகர்ந்துவிட்டதைப் பிடிக்க, சுவரோ நானோவோ அடுத்த கட்டம்.

சின்ன அளவிலும் இதே கதைதான். இறக்கிய மூன்றாம் மாதம் ரிப்போர்ட் அருமையாக வந்து, ஒரு வருடத்தில் பழையபடி ஏறினால், ஒன்று கசிவு நிற்கவில்லை, அல்லது களிமண்ணில் ஊறியிருந்தது மெல்ல வெளியே வருகிறது.

ஐஐடியில ஒரு புரொஃபசர் கண்டுபிடிச்சாரே, அது இதுதானா?

நீங்கள் சொல்வது சென்னை ஐஐடியின் பேராசிரியர் தலப்பில் பிரதீப் குழுவின் அம்ரித் ஃபில்டர். தண்ணீர் ஆராய்ச்சிக்காக 2022இல் சவூதியின் இளவரசர் சுல்தான் சர்வதேசத் தண்ணீர் விருது பெற்றவர். அதிலும் நானோ அளவு இரும்புதான், ஆனால் உலோகம் இல்லை, ஆக்ஸிஹைட்ராக்சைடு, அதாவது துருவின் உறவு. ஆர்சனிக்கை ஒட்டவைத்துப் பிடிக்கும் வேலை, தரைக்கு மேலே தொட்டியில் நடக்கும். வீணான துருவும் சரியாகச் செய்தால் உதவும் என்பதற்கு நல்ல சாட்சி.

இதையெல்லாம் யார் செலவுல பண்றது? அசோசியேஷன்ல பணம் வசூலிக்கவா?

வசூலிக்காதீர்கள். கெடுத்தவர் செலவு செய்ய வேண்டும் என்பதுதான் சட்டம் போகிற திசை. ரிப்போர்ட்டோடு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உங்கள் மாவட்ட அலுவலகத்திலும், கலெக்டர் ஆபீஸிலும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது, சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும், வாரியம் ஆய்வு செய்ய வேண்டும். நகரவில்லை என்றால் பசுமைத் தீர்ப்பாயம். ஒரே வீட்டு ரிப்போர்ட்டை விட, தெருவில் பல போர்களில் ஒரே நாளில் எடுத்த சாம்பிள்களுக்குப் பலம் அதிகம், எந்தப் பக்கம் அளவு ஏறுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு கம்பெனிக்காரர் கொட்டேஷன் குடுத்துட்டுப் போயிருக்காரு. என்ன கேக்கணும்?

எந்தப் பொருளுக்காக இறக்குகிறார் என்று கேளுங்கள். "எல்லாத்துக்கும்" என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். எத்தனை கண்காணிப்புக் கிணறு, தண்ணீர் ஓடும் திசையை யார் அளந்தது, உங்கள் மண்ணையும் தண்ணீரையும் எடுத்துப்போய் ஆய்வகத்தில் சோதித்த முடிவு எங்கே, வாரியத்தின் அனுமதி யார் பெயரில் என்று கேளுங்கள். இந்தியாவில் இது இன்னும் வழக்கமான முறை ஆகவில்லை, அதனால் அனுமதிக் காகிதம் இல்லாமல் துளை போட விடாதீர்கள்.

இரும்பு வந்து இறங்கிய நாளில் அது எப்போது தயாரானது என்று பாருங்கள், பாட்டிலில் கொஞ்சம் பிடித்து காந்தம் வைத்துப் பாருங்கள், காவி தட்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். பணத்தின் கடைசித் தவணையை மூன்றாம் மாத ரிப்போர்ட்டுக்கு இல்லாமல் அடுத்த வடகிழக்குப் பருவமழை முடிந்து, நீர்மட்டம் ஏறி இறங்கிய பிறகு எடுக்கிற ரிப்போர்ட்டோடு கட்டிவையுங்கள். அந்த சாம்பிளை அவர் எடுக்க வேண்டாம், நீங்கள் எடுங்கள், அவரோடு சம்பந்தமில்லாத லேபில் கொடுங்கள்.